நான்கு வயதைக் கடந்த பெட்டைகள்: தோல்முட்டை, வெறும் கூடு, கனத்த வயிறு

முற்றத்துக்கோழி எழுதியது:

வணக்கம். வீட்டின் பின்புறக் கொட்டிலில் ஐந்து பெட்டைகளை வளர்த்து வருகிறேன். ஐந்தும் ஒரே அடையில் பொரித்தவை. நான்கு வயது முடிந்துவிட்டது. இரண்டு நல்ல நிலையில் இருக்கின்றன. எப்போதாவது ஒரு முட்டை வைக்கின்றன, மற்ற நேரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிகின்றன. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. மற்ற மூன்றைப் பற்றித்தான் அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

செவலை அடிக்கடி தோல்முட்டை இடுகிறது. அதைக் கூட்டில் இடுவதில்லை. இரவில் அடையும் கட்டைக்கு நேர் கீழே, எச்சத்தின் மேல் விடியற்காலையில் கிடக்கிறது. ஓடு துளியும் இல்லை, சவ்வு மட்டுமே இருக்கிறது. எடுக்கப் போனால் விரல்களுக்கு இடையே நழுவுகிறது.

கறுப்பி நாள்தோறும் காலையில் கூட்டுக்குப் போகிறது. வைக்கோலைக் கிளறி, குழி பறித்து, முறையாக உட்கார்ந்து, நெடுநேரம் கழித்து எழுந்து கொக்கரிக்கவும் செய்கிறது. கூட்டில் கை விட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

சாம்பல், சென்ற முறை இறகு உதிர்த்த பிறகு முட்டையே இடவில்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். இப்போது அதன் வயிறு தாழ்ந்திருப்பதையும், கால்களை அகட்டி வைத்து நடப்பதையும் கவனிக்கிறேன்.

முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கிறேன். அதில் கிளிஞ்சல் பொடியும் கலக்கிறேன். இவை எல்லாமே வயதின் விளைவுதானா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டா என்பதே என் கேள்வி.


பழையகொட்டில் எழுதியது:

விடை சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. பகல் வெளிச்சம் இப்போது எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? அண்மையில் தீவனத்தின் வகையை மாற்றினீர்களா? இரவில் விளக்கை எடுத்துச் சென்று, அடையும் கட்டையின் இடுக்குகளிலும் கோழிகளின் ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகுகளின் அடியிலும் செள்ளு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? செந்நிறச் செள்ளு பகலில் மர இடுக்கில் பதுங்கி, இரவில் மட்டும் ஏறி வந்து இரத்தம் குடிக்கும்; பகலில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்வதில் பயன் இல்லை. இரத்தச்சோகை பிடித்த கோழி முட்டையை நிறுத்திவிடும், கூட்டுக்குள் போகவும் அஞ்சும்.

வயதைப் பொறுத்தவரை, கலப்பினப் பெட்டை ஏறத்தாழ 25 முதல் 30 வாரத்தில் உச்சத்தை எட்டி, அதன் பிறகு இறங்குமுகமாகவே இருக்கும். முதல் இறகு உதிர்வுக்குப் பிறகு மீண்டும் இடத் தொடங்கும்போது பழைய எண்ணிக்கை திரும்புவதில்லை. பண்ணைகளில் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் கழித்துவிடுவதால், மூன்று நான்கு வயதுக் கோழியின் உடலில் என்ன நடக்கிறது என்பதைப் பண்ணைக்காரர்களைவிட வீட்டில் வளர்ப்பவர்களே அதிகம் பார்க்கிறார்கள். ஆகவே எண்ணிக்கை குறைந்ததற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. தோல்முட்டை, வெறும் கூடு, தாழ்ந்த வயிறு ஆகிய மூன்றுக்கும் விளக்கம் தேட வேண்டும்.


செங்கொண்டை எழுதியது:

தோல்முட்டைக்குக் காரணம் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்பதில் ஐயமில்லை. கிளிஞ்சல் பொடியை இரு மடங்காக்கிப் பாருங்கள். எங்கள் கோழிக்கு அப்படித்தான் சரியானது.


அவயக்கூடை எழுதியது:

செங்கொண்டை அவர்கள் சொல்வது இளம் கோழிக்குப் பெரும்பாலும் பொருந்தும். நான்கு வயதுக் கோழிக்கு அதை அப்படியே சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மஞ்சள்கரு சூலகத்திலிருந்து விடுபட்டு, புனல் போன்ற வாயில் விழுந்து, முட்டைக்குழாய் வழியாக வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. புனலில் கால் மணி நேரம், வெள்ளைக்கரு சுற்றப்படும் பகுதியில் சுமார் மூன்று மணி நேரம், சவ்வு உருவாகும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மீதியுள்ள 20 மணி நேரமும் ஓட்டுச் சுரப்பியில்தான் கழிகிறது. அந்த 20 மணி நேரத்தின் பெரும்பகுதி இரவில் வருகிறது. ஓர் ஓட்டுக்கு இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். இரவில் கோழி தின்பதில்லை. எனவே குடலில் மிச்சம் இருப்பதிலிருந்தும், கால் எலும்புகளின் உட்குழியில் இதற்கென்றே சேமித்து வைத்திருக்கும் எலும்பிலிருந்தும் உடல் அதை எடுத்துக்கொள்கிறது.

இங்கேதான் பொடிக்கும் துண்டுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. மாவாக அரைத்த சுண்ணாம்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் குடலைக் கடந்து எச்சத்தோடு போய்விடும். அரிசியளவு, அதைவிடச் சற்றுப் பெரிய கிளிஞ்சல் துண்டுகள் அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். ஆகவே நீங்கள் கொடுக்கும் அளவு போதுமானதாக இருந்தாலும், அது பொடியாக இருப்பதால் தேவைப்படும் நேரத்தில் இல்லாமல் போயிருக்கலாம். பொடியை இரு மடங்காக்குவதைவிட அதைத் துண்டாக மாற்றுவது மேல்.

இரண்டாவது காரணம், வயது. வயது ஏற ஏற முட்டை பெரிதாகிறது. ஆனால் ஓட்டுக்காகச் சுரக்கும் சுண்ணாம்பின் அளவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதே ஐந்தாறு கிராம் ஓடு, அகன்ற பரப்பின் மேல் மெல்லியதாகப் பரவுகிறது. மேலும் குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறனும், வைட்டமின் டி-யை உடல் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் திறனும் முதுமையில் குறைகின்றன. தொட்டியில் எவ்வளவு கிளிஞ்சல் கிடந்தாலும் உள்ளே போவதில் ஒரு பங்கே பயன்படும். இதனால்தான் மெல்லிய ஓடும், உள்ளங்கையில் எடுத்தாலே நொறுங்கும் ஓடும் முதிய கோழிகளில் வழக்கமாகக் காணப்படுகின்றன.

ஆனால் செவலையின் நிலைமை மெல்லிய ஓடு அன்று, ஓடே இல்லாமை. அதுவும் கட்டையிலிருந்தபடியே நள்ளிரவில் விழுகிறது. இதற்குப் பொருள், முட்டை ஓட்டுச் சுரப்பியில் தன் காலத்தை முடிக்காமலே தள்ளப்பட்டிருக்கிறது என்பதுதான். பாம்போ பூனையோ நாயோ இரவில் அச்சுறுத்தினால் இது நேரும். இரண்டு மஞ்சள்கருக்கள் அடுத்தடுத்து விடுபட்டு, பின்னதற்கு ஓடு போட நேரம் இல்லாமல் போனாலும் நேரும். ஓட்டுச் சுரப்பியின் உட்புறம் அழற்சியுற்றிருந்தாலும் நேரும். வயதான கோழியில் கடைசிக் காரணத்தைத்தான் நான் முதலில் எண்ணிப் பார்ப்பேன்.

வெயில் கடுமையான பருவமானால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் வெப்பத்தைத் தணிக்கிறது. அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் இரத்தத்தில் குறைந்துபோகிறது. அப்போது கால்சியம் எவ்வளவு இருந்தும் ஓடு கூடாது.


செங்கொண்டை எழுதியது:

துண்டு, பொடி வேறுபாட்டை ஏற்கிறேன். எங்கள் வீட்டில் கொடுத்தது உடைத்த கிளிஞ்சல்தான். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆனாலும் அழற்சி என்று உடனே எண்ணுவது மிகைதானே?


அவயக்கூடை எழுதியது:

உடனே எண்ண வேண்டியதில்லை. துண்டுக் கிளிஞ்சலுக்கு மாற்றி, கொட்டிலின் இரவுப் பாதுகாப்பையும் சரிபார்த்து, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்கலாம். அதற்குப் பிறகும் ஒரே கோழி மட்டும் தோல்முட்டையே இடுமானால், அதே தீவனத்தைத் தின்னும் மற்றவை ஒழுங்காக இடுமானால், குறை தீவனத்தில் இல்லை என்று முடிவு செய்வேன்.


முற்றத்துக்கோழி எழுதியது:

கேட்ட விவரங்கள் இதோ. பகல் இப்போது குறுகிக்கொண்டு வருகிறது. தீவனம் மாறவில்லை. நேற்றிரவு விளக்குடன் பார்த்தேன், செள்ளு இல்லை. கொட்டிலின் கதவை இரவில் தாழிடுகிறேன், உள்ளே எதுவும் நுழைந்ததற்கான தடயம் இல்லை.

மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன். செவலையின் கொண்டை சிவந்திருக்கிறது, எடை குறையவில்லை. கறுப்பியின் கொண்டையும் சிவப்புதான். ஆசனவாய் அகன்று ஈரமாக இருக்கிறது, அதன் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளுக்கு இடையே மூன்று விரல் நுழைகிறது. சாம்பலின் கொண்டை வெளிறி, நுனியில் சுருங்கியிருக்கிறது. மார்பெலும்பு கத்தியின் விளிம்பாக உணரப்படுகிறது. வயிறோ கனத்து, நீர் கோத்ததுபோல் அசைகிறது. தூக்கியவுடன் மூச்சு வாங்கியதால் உடனே இறக்கிவிட்டேன்.


பழையகொட்டில் எழுதியது:

மார்பு மெலிந்து வயிறு பெருத்திருப்பதுதான் நீங்கள் எழுதியதிலேயே மிகவும் கவலைக்குரியது. கொழுப்பினால் வயிறு பெருத்தால் மார்பும் சதை பிடித்திருக்கும். சாம்பலைத் தாமதிக்காமல் பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தூக்கும்போது வயிற்றை அழுத்த வேண்டாம், மல்லாக்கக் கிடத்தவும் வேண்டாம்; கோத்த நீர் காற்றுப்பைகளை நெருக்கி மூச்சை நிறுத்திவிடக்கூடும்.


இறகுமருத்துவம் எழுதியது:

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். பல ஆண்டுகளாக வளர்ப்புப் பறவைகளைப் பார்த்து வருகிறேன். நேரில் காணாத பறவைக்கு நோய் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய மூன்று நிலைகளும் தனித்தனியானவை என்பதால் பிரித்தே பேசுகிறேன்.

கறுப்பியின் கொண்டை, ஆசனவாய், எலும்பு இடைவெளி ஆகிய மூன்றும் சூலகம் இயங்கிக்கொண்டிருப்பதைக் காட்டுகின்றன. மஞ்சள்கரு விடுபடுகிறது, அது விடுபட்டதும் சுரக்கும் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) மறுநாள் கோழியைக் கூட்டுக்கு அனுப்புகின்றன. கூட்டைத் தேடும் உணர்வுக்கு முட்டை குழாயில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மஞ்சள்கரு புனலின் வாயில் விழாமல் வயிற்றறைக்குள் விழுந்துவிட்டால், கோழி நாள்தோறும் உட்கார்ந்து, வெறும் கூட்டிலிருந்து எழுந்து வரும். இதையே உள்முட்டையிடுதல் என்கிறோம். வயிற்றறைக்குள் விழும் மஞ்சள்கரு கிருமி இல்லாத வரையில் உடலால் உறிஞ்சப்பட்டுவிடும். பல கோழிகள் இப்படியே நெடுங்காலம் நலமாக இருக்கின்றன. குடலிலிருந்தோ ஆசனவாய் வழியாகவோ ஈ. கோலை போன்ற நுண்ணுயிர்கள் அங்கு சென்று சேரும் நாளில்தான் அது வயிற்றறை அழற்சியாக மாறுகிறது. கறுப்பி வேறெங்காவது மறைவில் முட்டையிடவில்லை என்பதையும், இட்ட முட்டையைத் தானோ பிற கோழியோ தின்றுவிடவில்லை என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூட்டு வைக்கோலில் மஞ்சள் பிசுபிசுப்பு இருந்தால் அது தின்றதன் அடையாளம்.

சாம்பலின் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றே தோன்றுகிறது. வயதான பெட்டையில் அதற்குக் காரணங்கள் பல: மஞ்சள்கருவால் வந்த வயிற்றறை அழற்சி, முட்டைக்குழாய் அழற்சி, சூலகப் புற்றுநோய், கல்லீரல் அல்லது இதயக் கோளாறு. இவற்றில் எது என்பதைத் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்ல இயலாது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஓடுள்ள முட்டை தெரியும்; ஓடில்லாதவற்றையும் கட்டிகளையும் நீரையும் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) படம்தான் காட்டும்.

புற்றுநோயைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தானாகவே சூலகப் புற்றுநோய் வரும் உயிரினங்கள் மிகக் குறைவு. அவற்றுள் முதன்மையானது முட்டைக்கோழி. மனிதர்களுக்கு வரும் சூலகப் புற்றுநோயை ஆராய்பவர்கள் இரண்டு வயதைக் கடந்த பெட்டைகளையே மாதிரியாக வைத்துக்கொள்கின்றனர். இடைவிடாமல் கருவை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால் சூலகத்தின் மேற்பரப்பு நாள்தோறும் கிழிந்து ஆறுவதே இதற்கு அடிப்படை என்பது வலுவாக முன்வைக்கப்படும் கருத்து. காட்டுக்கோழி ஆண்டில் ஒருசில அடைகளுக்கு வேண்டிய முட்டைகளை மட்டும் இடுகிறது. நாம் உருவாக்கிய இனங்கள் முதல் ஆண்டிலேயே 300 முட்டைகள் வரை இடுகின்றன. அந்த உழைப்பின் கணக்கு மூன்றாம் நான்காம் வயதில் தீர்க்கப்படுகிறது.

செவலைக்கு அவயக்கூடை அவர்கள் எழுதியதே போதுமானது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தோல்முட்டை இடும் கோழிக்குத்தான் முட்டை அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். ஓடில்லாத முட்டையைப் பிடித்துத் தள்ளக் குழாயின் தசைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை; இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தால் அந்தத் தசையே வலுவிழந்திருக்கும்.


வைக்கோல்மேடு எழுதியது:

மருத்துவர் ஐயா, முட்டை அடைத்துக்கொண்டதை வீட்டில் எப்படி அறிவது? வெந்நீரில் உட்கார வைக்கச் சொல்கிறார்கள். விரலை விட்டு முட்டையை உடைத்து எடுத்துவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார்.


இறகுமருத்துவம் எழுதியது:

அடையாளங்களை வரிசையாகப் பார்த்தால் எளிதில் புலப்படும். கோழி கூட்டத்தை விட்டு ஒதுங்கி, இறகைச் சிலிர்த்து, வாலைத் தாழ்த்தி, உடலை நிமிர்த்தி நிற்கும். வால் மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்கும். அடிக்கடி முக்கும், எச்சம் வராது, அல்லது நீராக மட்டும் வரும். தீவனத்தை விடும், கண்களை மூடும். கால்களுக்குப் போகும் நரம்பை முட்டை அழுத்தினால் நொண்டவும் செய்யும். இந்த நிலை ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் உயிருக்கு ஆபத்து என்றே கொள்ள வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் வயிறு மூழ்கும் அளவுக்கு 20 நிமிடம் உட்கார வைப்பதில் தவறில்லை. தசை தளர உதவும். வெந்நீர் கூடாது. நம் முழங்கையை வைத்தால் இதமாக இருக்க வேண்டும். பிறகு நன்றாகத் துவட்டி, ஆசனவாயில் வழவழப்பான களிம்பைத் தடவி, இருட்டும் வெதுவெதுப்பும் அமைதியும் உள்ள இடத்தில் விட வேண்டும். நீர்மக் கால்சியம் கைவசம் இருந்தால் அலகின் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சில மணி நேரத்தில் பலன் இல்லையென்றால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

விரலை விட்டு உடைப்பதைச் செய்யவே வேண்டாம். உடைந்த ஓடு கத்தியாக மாறிக் குழாயைக் கிழிக்கும். உள்ளே தங்கும் துண்டுகள் அழுகும். வெளியிலிருந்து பிதுக்கித் தள்ளுவதும் அதே அளவுக்குத் தீங்கானது. மருத்துவர்கள் முட்டையைச் சுருக்குவதும் உண்டு. ஆனால் அதற்கு முன் ஊசியால் உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து, பறவையை மயக்கத்தில் வைத்தே செய்கிறோம்.

முக்கி முக்கிச் சதை வெளியே தள்ளிவிட்ட கோழியை அந்த நொடியே தனியாகப் பிரித்துவிடுங்கள். சிவந்த சதையைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கும். கொத்தத் தொடங்கினால் குடலையே இழுத்துவிடும். தள்ளிய சதையைத் தூய நீரால் கழுவி, கெட்டியான சர்க்கரைப் பாகைத் தடவினால் வீக்கம் வடியும். பிறகு மெதுவாக உள்ளே தள்ளலாம். மறுபடியும் தள்ளாமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்து முட்டையை நிறுத்துவதே வழி.


கதிரொளி எழுதியது:

வெளிச்சத்தைக் குறைத்து முட்டையை நிறுத்தலாம் என்றால், பகல் குறுகும் பருவத்தில் விளக்கு வைத்து 14 மணி முதல் 16 மணி வரை வெளிச்சம் கொடுத்து முட்டையைக் கூட்டவும் செய்யலாம் அல்லவா? நான் ஆண்டுதோறும் அப்படித்தான் செய்கிறேன். இந்த இழையில் யாரும் அதைச் சொல்லாதது வியப்பாக இருக்கிறது.


பழையகொட்டில் எழுதியது:

யாரும் சொல்லாததற்குக் காரணம், கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது அல்ல என்பதுதான். இளம் கோழிகளுக்கு நீங்கள் விளக்கு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. நான்கு வயதுக் கோழிக்குக் குறுகும் பகல்தான் ஆண்டில் கிடைக்கும் ஒரே ஓய்வு. அந்தப் பருவத்தில் சூலகம் சுருங்குகிறது, முட்டைக்குழாய் தளர்கிறது, வெறுமையாகிய எலும்புகள் மீண்டும் நிரம்புகின்றன, இறகு புதிதாக முளைக்கிறது. முளைக்கும் இறகு பெரும்பாலும் புரதமே என்பதால் முட்டைக்குச் செல்ல வேண்டிய சத்து அங்கே செல்கிறது. விளக்கு வைத்து இந்த ஓய்வைப் பறித்தால், சில முட்டைகள் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த ஆண்டு செவலையைப் போன்ற கோழிகளும் கூடுதலாகக் கிடைக்கும்.


கதிரொளி எழுதியது:

அப்படியானால் முட்டையிடாத கோழிக்கு எதற்குத் தீவனம் போட வேண்டும் என்று கேட்பவர்களும் இருப்பார்கள்.


பழையகொட்டில் எழுதியது:

இருப்பார்கள். அது ஒவ்வொருவர் வீட்டுக் கணக்கு. வைத்திருப்பது என்று முடிவு செய்தவருக்கு எப்படி வைத்திருப்பது என்பதைத்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.


வைக்கோல்மேடு எழுதியது:

சிறிய ஐயம் ஒன்று. எங்கள் ஐந்து வயதுப் பெட்டை முட்டையை நிறுத்திய பிறகு சேவலைப் போலக் கூவத் தொடங்கிவிட்டது. கொண்டையும் பெரிதாகிவிட்டது. இதுவும் நோயா?


இறகுமருத்துவம் எழுதியது:

பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ச்சி பெறும்; வலப்பக்கத்தில் இருப்பது கருவிலேயே வளராமல் நின்றுபோன மிச்சம். இடச் சூலகம் முதுமையாலோ கட்டியாலோ செயலிழந்தால், வலப்பக்க மிச்சம் விந்தகத்தின் தன்மையோடு வளர்ந்து ஆண் இயக்குநீரைச் சுரக்கக்கூடும். அப்போது கொண்டை பெரிதாகும், சேவலின் இறகு வரும், கூவவும் செய்யும். மரபணு அளவில் அது பெட்டையாகவே இருக்கும். நன்றாகத் தின்று திரியுமானால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மெலிந்தால் இடப்பக்கத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.


முற்றத்துக்கோழி எழுதியது:

சாம்பலை மருத்துவரிடம் கொண்டு சென்றேன். மீயொலிப் படத்தில் நீரும், அதன் நடுவே அடர்ந்த திரளும் தெரிந்தன. நீரை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். மங்கிய மஞ்சள் நிறத்தில், தீய நாற்றத்தோடு வந்தது. முழுவதையும் ஒரேயடியாக எடுத்தால் பறவை அதிர்ச்சியில் இறந்துவிடும் என்பதால் மூச்சு எளிதாகும் அளவுக்கு மட்டும் எடுத்து நிறுத்திவிட்டார். அறுவை செய்யலாம், ஆனால் இந்த உடல்நிலையில் தாங்குவது ஐயம் என்றார். மறுநாள் அது தலையைத் தூக்காமல் கிடந்ததைப் பார்த்து, துன்பமின்றி உறங்க வைக்கச் சொல்லிவிட்டேன்.

உடலைத் திறந்து பார்க்கும்படி நானே கேட்டுக்கொண்டேன். முட்டைக்குழாய் முழுவதும் வெளிர்மஞ்சள் நிறத்தில் கெட்டியான திரள் அடைத்திருந்தது. குறுக்கே வெட்டியபோது வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக இருந்தது. நடுவில் ஒரு மஞ்சள்கருவின் மிச்சம். சூலகத்தில் கட்டி இல்லை என்றும் சொன்னார்.


இறகுமருத்துவம் எழுதியது:

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். திறந்து பார்க்கச் சொன்னது மற்ற கோழிகளுக்கு நீங்கள் செய்த நன்மை.

நீங்கள் விவரிப்பது முட்டைக்குழாய் அழற்சியின் முற்றிய நிலை. குழாயில் கிருமி புகும்போது உடல் அதைச் சீழாலும் நாராலும் சூழ்ந்து மூடுகிறது. அதன் மேல் முட்டைப் பொருள் அடுத்தடுத்துப் படிகிறது. பறவையின் சீழ் நீர்த்திருப்பதில்லை, பாலாடைக்கட்டியாக இறுகிவிடும், எனவேதான் அடுக்குகள். சில கோழிகள் இப்படிப்பட்ட திரளை வெளியே இட்டுவிடுவதும் உண்டு. கூட்டில் இரப்பர்த் துண்டைப் போன்ற ஒன்றைக் கண்டால் அதை எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முற்றிய பிறகு நுண்ணுயிர்க்கொல்லி அந்தத் திரளுக்குள் ஊடுருவாது என்பதால் மருந்தால் மட்டும் குணமாவது அரிது.

இது கோழிக்குக் கோழி பரவிப் படரும் நோய் அன்று. ஆனால் குஞ்சுப் பருவத்தில் தொற்றும் மூச்சுக்குழாய் அழற்சி வைரஸ் முட்டைக்குழாயை நிலையாகச் சிதைத்துவிடக்கூடும். அப்படிப்பட்ட கோழிகள் வளர்ந்தபின் உள்முட்டை இடுவதும், சுருக்கம் விழுந்த ஓட்டையும் நீர்த்த வெள்ளைக்கருவையும் தருவதும் வழக்கம். ஐந்தும் ஒரே அடையில் வளர்ந்தவை என்பதால் கறுப்பியையும் செவலையையும் கவனமாகப் பார்த்து வாருங்கள்.


முற்றத்துக்கோழி எழுதியது:

கறுப்பி தொடர்ந்து வெறும் கூட்டில் உட்காருகிறது. கூட்டில் பிசுபிசுப்பு இல்லை, மறைவிடங்களிலும் முட்டை இல்லை. அதன் முட்டையை நிறுத்திவைக்க வழி உண்டா? இயக்குநீர்ச் சில்லைத் தோலுக்கடியில் வைக்கலாம் என்று எங்கள் மருத்துவர் குறிப்பிட்டார்.


இறகுமருத்துவம் எழுதியது:

அவர் சொன்னது டெஸ்லோரெலின் என்ற மருந்தாக இருக்கும். மூளையடிச் சுரப்பியின் தூண்டலை அடக்கி, சூலகத்தைச் சில மாதங்கள் உறங்க வைக்கும். வைத்தவுடன் கோழி இறகு உதிர்ப்பதும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மருந்தின் வேகம் தணிந்ததும் மீண்டும் இடத் தொடங்கும், எனவே திரும்பத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும். உணவுக்கான பறவைகளில் இதைப் பயன்படுத்துவது பற்றி ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. வைத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும் பின்னாளிலும் உண்ணுவதில்லை என்ற முடிவோடுதான் வைக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தாலும் அப்படியே: எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பதை மருந்து எழுதியவரிடமே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், கறுப்பிக்கு வயிறு மென்மையாகவும் எடை நிலையாகவும் இருக்கும் வரை சில்லைப் பற்றி அவசரப்பட வேண்டியதில்லை. பகல் குறுகி வருகிறது. சில வாரங்களில் சூலகம் தானே ஓயக்கூடும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். கட்டையில் அடைந்த பிறகு, பின்னாலிருந்து உள்ளங்கையைக் கால்களுக்கு இடையே வைத்து வயிற்றைத் தாங்கிப் பாருங்கள். தளர்ந்த மாவாக இருந்தால் நலம், இறுகியிருந்தாலோ நீர் அசைந்தாலோ காத்திராதீர்கள்.


செங்கொண்டை எழுதியது:

தீவனத்தைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரே கொட்டிலில் இடும் கோழியும் இடாத கோழியும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனமே போடலாமா?


அவயக்கூடை எழுதியது:

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறத்தாழ 3.5 முதல் 4.5 விழுக்காடு கால்சியம் உண்டு. இடாத கோழிக்கு 1 விழுக்காடு போதும். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் அந்தச் சுமை ஏறினால் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமிலம் வெண்பொடியாக உள்ளுறுப்புகளின் மேல் படியும். சேவலுக்கும் இதே கதிதான். எனவே முதிய கூட்டத்துக்குக் கால்சியம் குறைந்த, புரதம் 16 விழுக்காட்டுக்குக் குறையாத வளர்பருவத் தீவனத்தைப் பொதுவாகப் போட்டு, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதே சரி. வேண்டியது எடுத்துக்கொள்ளும், வேண்டாதது தொடாது. கோழி இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது.

தானியத்தைக் கைநிறைய வீசும் பழக்கத்தையும் குறைக்க வேண்டும். ஒரு பெட்டை நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். அதில் பாதி சோளமாகப் போனால் சத்து நீர்த்து, வயிற்றில் கொழுப்பு ஏறும். கொழுத்த கோழிக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, வெயில் நாளில் அது கிழிந்து, காலையில் நன்றாக இருந்தது மாலையில் இறந்து கிடக்கும். முட்டை அடைப்பும் கொழுத்த கோழிக்கே அதிகம்.


முற்றத்துக்கோழி எழுதியது:

தீவனத்தை மாற்றி, உடைத்த கிளிஞ்சலைத் தனியாக வைத்துவிட்டேன். செவலைக்குத் தோல்முட்டை நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது; ஆனால் ஓடுள்ள முட்டையும் இப்போது கலந்து வருகிறது. கறுப்பி இறகு உதிர்க்கத் தொடங்கிவிட்டது, கூட்டுப் பக்கமே போவதில்லை. எடை குறையவில்லை. கிண்ணத்தை எங்கே வைப்பது என்பதில் வழி ஏதேனும் உண்டா? தீவனத் தொட்டிக்கு அருகில் வைத்ததை அவை பொருட்படுத்தவில்லை.


அவயக்கூடை எழுதியது:

காலையில் பொருட்படுத்தாது. ஓடு கட்டத் தொடங்கும் மாலை நேரத்தில்தான் இடும் கோழி சுண்ணாம்பைத் தேடும். மழையும் எச்சமும் படாதவாறு, அடையும் கட்டைக்கு ஏறும் வழியில், அவற்றின் மார்பு உயரத்தில் கிண்ணத்தைப் பொருத்துங்கள். நனைந்து கட்டிப்போனதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.